பொட்டிக்குள்ள சுத்துற வாட்ச்சும் ஊர் சுத்துற வாட்ச்சும்

வாட்ச் பைத்தியங்களுக்குள்ள ஒரு வேதவாக்கு உலாவிக்கிட்டு இருக்கு. "வெளியூர் போறியா? ஆட்டோமேட்டிக்கை வீட்ல பத்திரமா வெச்சுட்டு, ஒரு பிளாஸ்டிக் டிஜிட்டலைக் கட்டிக்கிட்டுப் போ." கேக்கறதுக்கு என்னமோ அக்கறையாத்தான் இருக்கு. சொல்றவங்களும் நல்லவங்கதான். ஆனா இந்த அட்வைஸைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கிட்டு வருது. போன மாசம் ரெண்டு நாள் சென்னைக்குப் போறேன்னு சொன்னப்ப மூணு பேர் தனித்தனியா இதையே சொன்னாங்க. சரி, எழுதித் தொலைச்சிருவோம்னு உக்காந்துட்டேன்.

வாட்ச் மேல அக்கறை இல்லாத மக்களும் கொஞ்சம் பொறுத்துக்கங்க. கடைசில விஷயம் உங்க வீட்டு மிக்ஸி வரைக்கும் வரும்.

முதல்ல சரக்கு என்னன்னு சொல்லிடறேன். நான் கட்டுறது 1970-கள் ஸ்டைல் வாட்ச். குண்டு டப்பா, தேன் கலர் டயல், நாளும் தேதியும் காட்டுற சின்ன ஜன்னல். பழசு கிடையாது, பழசு மாதிரி புதுசா செஞ்சது. இப்ப இந்த மாதிரி நிறைய வருது. 1978-ல வந்த டிஸ்ஸோ பிஆர்எக்ஸ் 2021-ல திரும்ப வந்துச்சு. 1960-கள்ல பொறந்த சீகோ ஃபைவ் ஸ்போர்ட்ஸை 2019-ல புதுசா இறக்குனாங்க. சிங்கப்பூர்லேர்ந்தோ துபாய்லேர்ந்தோ மாமா சித்தப்பா யாராவது சீகோ ஃபைவ் கொண்டாந்த வீட்ல வளந்தவங்களுக்கு அந்த முகத்தைப் பாத்தா மனசு என்னமோ பண்ணும். அதுல ஒண்ணும் தப்பில்ல.

சரி, விஷயத்துக்கு வரேன். வெளியே எடுத்துட்டுப் போகாதேன்னு சொல்றீங்களே, இந்த ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் எதுக்காகப் பொறந்துச்சுன்னு தெரியுமா?

ஜான் ஹார்வுட்னு ஒரு இங்கிலாந்து ரிப்பேர்காரர். முதல் உலகப்போர்ல பட்டாளத்துல இருந்தவரு. தினமும் சாவி கொடுக்குற திருகு இருக்கே, அந்த ஓட்டை வழியாத்தான் தூசியும் ஈரமும் உள்ள போய் மிஷினைக் கெடுக்குதுன்னு கவனிச்சார். திருகைத் தொடவே வேண்டாத மாதிரி செஞ்சா ஓட்டையே வேண்டாமேன்னு யோசிச்சார். கை ஆடுற ஆட்டத்துல தானே சாவி ஏறுற கைக்கடிகாரத்துக்கு 1924-ல சுவிட்சர்லாந்துல காப்புரிமை வாங்கினார். அவர் வாட்ச்ல திருகே கிடையாது. கண்ணாடியைச் சுத்தி இருக்குற வளையத்தைத் திருப்பித்தான் நேரம் வைக்கணும். அப்புறம் 1931-ல ரோலக்ஸ் முழு வட்டம் சுத்துற எடையைப் போட்டு அதை ஊரெல்லாம் பரப்பினாங்க.

ஆக மக்களே, இது தூசிக்கும் ஈரத்துக்கும் பதிலாப் பொறந்த யந்திரம். புழுதில நடக்கறவன் கைல கிடக்கணும்னே கண்டுபிடிச்சது. அதைப் போய் "ஐயோ, ஊர்ல புழுதியா இருக்கும், பீரோல வை"ங்கறது, மழை பெய்யுது, குடையை நனையாம உள்ள வைங்கற மாதிரி.

உள்ள நடக்கற வேலை ரொம்ப எளிமையானது. அரை வட்டத்துல ஒரு கனமான தகடு. நீங்க கையை ஆட்டினா அது சுத்தும், சுத்தினா மெயின் ஸ்ப்ரிங் முறுக்கேறும். என் வாட்ச்ல இருக்குறது என்ஹெச்36ங்கற மிஷின். சீகோ குழுமம் மத்த கம்பெனிகளுக்குச் செஞ்சு விக்கிறது. மணிக்கு 21,600 தடவை துடிக்கும், அதாவது விநாடிக்கு ஆறு. முழுசா முறுக்கேறி இருந்தா சுமார் 41 மணி நேரம் ஓடும். வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கழட்டி வெச்சீங்கன்னா ஞாயித்துக்கிழமை சாயந்தரம் மூணு மணி வாக்குல நின்னு போகும். நீங்க ஊர்லேர்ந்து திரும்பி வரும்போது செத்துக் கிடக்கும். நாளு, தேதி எல்லாத்தையும் திரும்ப வைக்கணும்.

இதுக்கு நம்மாளுங்க ஒரு தீர்வு வெச்சிருக்காங்க பாருங்க. வாட்ச் வைண்டர்னு ஒரு பொட்டி! கரண்ட்ல ஓடும். வாட்ச்சை உள்ள மாட்டிட்டா அதுபாட்டுக்குச் சுத்திக்கிட்டே இருக்கும். இதை ஒரு நிமிஷம் நினைச்சுப் பாருங்க. பேட்டரி வேண்டாம், மனுஷன் நடந்தா போதும்னு ஒருத்தர் மண்டையை உடைச்சுக் கண்டுபிடிச்ச யந்திரம். அதை வாங்கினவர் ஆள் இல்லாத வீட்ல, மோட்டார் வெச்சு, கரண்ட் பில் கட்டிச் சுத்த விடுறார். அவர் மட்டும் பேட்டரி வாட்ச் கட்டிக்கிட்டு ஊர் சுத்தப் போறார். வாங்கினவர் ஊர் சுத்த, வாட்ச் பொட்டிக்குள்ள சுத்துது. நாய் வாங்கி அதை நடத்திக் கூட்டிட்டுப் போக ஆள் வெச்சுட்டு, தான் மட்டும் தனியா வாக்கிங் போறவரை என்ன சொல்வீங்க? :-)

ஊர் சுத்தறதுதான் ஆட்டோமேட்டிக்குக்குத் தீனி. ஆபீஸ்ல பொட்டி தட்டிக்கிட்டு உக்காந்திருக்கற கை ஆடவே ஆடாது. தாம்பரத்துல இறங்கி, லோக்கல் ட்ரெயின்ல தொங்கி, பார்க் ஸ்டேஷன்ல படியேறி, பாரீஸ் கார்னர் வரைக்கும் நடந்து, சாயந்தரம் மெரினா மணல்ல காலை இழுத்து இழுத்து நடந்தா, வாட்ச்சுக்கு அன்னைக்கு விருந்து. அடுத்த நாள் காலைல தூங்கி எழுந்தாலும் ஜம்முனு ஓடிக்கிட்டிருக்கும்.

அடுத்த வாதம், துல்லியம். "நாளைக்கு இருபது விநாடி தப்பும் தல, ட்ரெயினை விட்டுருவே." வாங்க, பேசுவோம்.

துல்லியத்துல குவார்ட்ஸ் ஜெயிச்சு எப்பவோ ஆச்சு. 1969 டிசம்பர் 25-ல சீகோ ஆஸ்ட்ரான் வந்தப்பவே ஆட்டம் முடிஞ்சது. இன்னைக்கு ஐநூறு ரூபா குவார்ட்ஸ்ல ஒரு படிகத் துண்டு விநாடிக்கு 32,768 தடவை அதிருது. மாசத்துக்கே பதினஞ்சு இருபது விநாடிதான் தப்பும். என் மிஷினுக்குக் கம்பெனியே சொல்ற கணக்கு நாளைக்கு 20 விநாடி பின்னால, 40 விநாடி முன்னால. இதை மறுக்கறவன் முட்டாள். அந்த அடில சுவிட்சர்லாந்துக் கடிகாரத் தொழில்ல 1970-ல சுமார் 90,000 பேர் இருந்தது, 1980-கள் நடுவுல ஏறக்குறைய 30,000 ஆச்சு. நம்ம பக்கத்துலயும் 1984-ல டாட்டாவும் தமிழக அரசோட டிட்கோவும் சேந்து டைட்டனை ஆரம்பிச்சப்ப, ஓசூர்ல குவார்ட்ஸை நம்பித்தான் இறங்கினாங்க. ஜெயிச்சும் காட்டினாங்க.

ஆனா நான் கேக்கறது வேற. ரெண்டு நாள் சென்னைல சுத்தற மனுஷனுக்கு எத்தனை விநாடி துல்லியம் வேணும்? காலைல ஒரு தடவை செல்போனைப் பாத்துச் சரி பண்ணிக்கிட்டா, ராத்திரி ட்ரெயின் ஏறும்போது அதிகபட்சம் அரை நிமிஷ வித்தியாசம். அரை நிமிஷத்துல ட்ரெயினை விடறவன், அணுக் கடிகாரம் கட்டிக்கிட்டுப் போனாலும் விடுவான். அவன் பிரச்சினை வாட்ச்ல இல்ல, வீட்லேர்ந்து கிளம்புறதுல.

அதுவும் சென்னைல நின்னுக்கிட்டு இதைப் பேசறதுதான் வேடிக்கை. நுங்கம்பாக்கத்துல 1792-ல கட்டின வானியல் ஆய்வுக்கூடம் இருந்த இடத்துல இப்ப வானிலை ஆய்வு மையம் இருக்கு. அந்தக் காலத்துக் கருங்கல் தூண் இன்னும் நிக்குது. அங்கேர்ந்து கணிச்ச மெட்ராஸ் நேரத்தை வெச்சுத்தான் 19-ஆம் நூற்றாண்டோட பிற்பகுதியில இந்திய ரயில்கள் ஓடுச்சு. 1906 ஜனவரி 1-ல இந்திய நேரம்னு ஒண்ணை வெச்சப்ப, மெட்ராஸ் கடிகாரம் கிட்டத்தட்ட ஒம்பது நிமிஷம் முன்னால தள்ள வேண்டியிருந்தது. ஒம்பது நிமிஷம்! ஊரே சேந்து நகத்துச்சு. நேரம்ங்கறது மனுஷங்க பேசி வெச்சுக்கிட்ட ஏற்பாடு. அதுக்கு இருபது விநாடி முன்ன பின்ன நிக்கற ஒரு வாட்ச்சைக் குத்தவாளிக் கூண்டுல ஏத்தாதீங்க.

"செல்போன்தான் இருக்கே, வாட்ச்சே எதுக்கு?"ன்னு ஒரு கோஷ்டி. இவங்களுக்கு ஒரே கேள்வி. 29சி பஸ்ல ஒரு கைல கம்பி, இன்னொரு கைல பை. மணி என்னன்னு எப்படிப் பாப்பீங்க? பாக்கெட்லேர்ந்து போனை உருவி, அதைக் கீழ போடாம பிடிச்சு, பொத்தானை அழுத்தி... அதுக்குள்ள அடையாறே வந்துடும். கம்பியைப் பிடிச்ச கைலயே மணி தெரியணும், அதுக்குத்தான் மணிக்கட்டுல கட்டறோம். இன்னொண்ணும் இருக்கு. மணி பாக்க எடுத்த போன்ல வாட்சப்ல மேனேஜர் "ஒரு சின்ன டவுட்"னு நிப்பாரு. லீவு போட்டுட்டு வந்தவன் சாந்தோம் சர்ச் வாசல்ல நின்னு எக்ஸல் ஷீட்டுக்குப் பதில் அடிப்பான். ஸ்மார்ட் வாட்ச்னா இன்னும் மோசம், மேனேஜர் மணிக்கட்டுலயே வந்து உக்காந்துக்குவார். மணியை மட்டும் சொல்லிட்டு வாயை மூடிக்கற பொருள் இன்னைக்கு ரொம்பக் கம்மி. அதுல ஒண்ணை வீட்ல வெச்சுட்டுப் போகச் சொல்றீங்க.

கீறல் விழும், தொலைஞ்சுடும்ங்கற பயம் பத்தி. கீறல் விழத்தான் செய்யும். அண்ணாச்சி, உங்க தாத்தா வாட்ச்ல கீறல் இல்லையா? அந்தக் கீறலைக் காட்டித்தானே கதை சொல்றீங்க? கடைல காசு குடுத்துப் பழைய முகம் வாங்குறீங்க, ஆனா அது நிஜமாவே பழசாகக் கூடாதாம். இது என்ன நியாயம்? இருக்கவே இருக்கு ஒரு விதி. எந்த வாட்ச் தொலைஞ்சா உங்களுக்குச் சோறு இறங்காதோ, அதை வாங்காதீங்க. வாங்கிட்டு, அது கைல இருக்கறப்ப ஊரைப் பாக்காம அதையே பாத்துக்கிட்டு இருக்காதீங்க.

கவனிக்க வேண்டியதையும் சொல்லிடறேன். பின்பக்கம் 30 மீட்டர்னு போட்டிருந்தா அது மழைத் துளிக்கும் கை கழுவவும்தான், முப்பது மீட்டர் ஆழத்துல குதிக்க இல்ல. நீச்சல்னா 100 மீட்டராவது போட்டிருக்கணும். காந்தத்துக்கிட்ட வைக்கக் கூடாது. செல்போன் ஸ்பீக்கர், ஹேண்ட்பேக் காந்தப் பூட்டு, இதுகளோட ஒட்டிப் படுக்க வெச்சா மிஷினுக்குக் காந்தம் புடிச்சுக்கும். ராத்திரி லாட்ஜ்ல போன் மேலயே வாட்ச்சைக் கழட்டி வைக்காதீங்க. அவ்வளவுதான் ஜாக்கிரதை. இதுக்கு மேல பயந்தா அது வாட்ச் இல்ல, வளர்ப்புப் பிராணி.

இப்ப என் நிஜக் கோவத்துக்கு வரேன். ஊர்ப் புழுதியோ, மழையோ, பஸ் நெரிசலோ இந்த வாட்ச்சுகளுக்கு எமன் இல்ல. எமன் வேற இடத்துல ஏசி ரூம்ல உக்காந்திருக்கார்.

என் வாட்ச் திடீர்னு நாளைக்கு ஏழு நிமிஷம் வேகமா ஓட ஆரம்பிச்சது. வித்த கம்பெனியோட சர்வீஸ் சென்டருக்கு எடுத்துட்டுப் போனேன். பேர் வேண்டாம். கவுன்ட்டர்ல இருந்தவர் பின்மூடியைத் திறக்கவே இல்ல. "சார், மிஷின் மாத்தணும். நாப்பது நாள் ஆகும்." செலவு? வாட்ச் விலைல பாதிக்கு மேல. "என்ன கோளாறுங்க?"ன்னு கேட்டேன். "மிஷின்தான் சார்." வயித்து வலின்னு போனா வயித்தையே மாத்தணும்ங்கற வைத்தியம்!

தினம் காலைல பின்னால தள்ளி வெச்சுக்கிட்டு, அதையேதான் சென்னைக்கும் கட்டிக்கிட்டுப் போனேன். பாரீஸ் பக்கம் ஒரு சந்து, அதுல மேஜை அகலத்துக்கு ஒரு கடை. பெரியவர் ஒருத்தர். கண்ணுல குட்டிப் பூதக்கண்ணாடி. "பாய், ரொம்ப வேகமா ஓடுது"ன்னு நீட்டினேன். ஒரு திசைகாட்டியை எடுத்து வாட்ச் பக்கத்துல வெச்சார். முள்ளு ஆடுச்சு. "காந்தம் புடிச்சிருக்கு தம்பி. ஹேர் ஸ்ப்ரிங் ஒண்ணோட ஒண்ணு ஒட்டுது, அதான் ஓட்டம் புடிக்குது." நீல டப்பா ஒண்ணு மேல வெச்சு, பொத்தானை அழுத்தி, மெதுவா மேல தூக்கினார். முடிஞ்சது. நூறு ரூபா. "மிஷின்ல ஒண்ணுமில்ல, நல்லா இருக்கு. அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை ஆயில் போட்டுக்க, போதும்." அன்னைலேர்ந்து நாளைக்குப் பதினஞ்சு விநாடிதான் முன்னால போகுது. ஊருக்கு எடுத்துட்டுப் போனா கெட்டுப்போகும்னு சொன்னவங்களே, எடுத்துட்டுப் போனதாலதான் பொழச்சது.

ரெட்ரோ ரெட்ரோன்னு விக்கறாங்களே, எதைப் பழசுங்கறாங்க? டயல் கலர் பழசு. எழுத்து பழசு. விளம்பரத்துல வர்ற ஸ்கூட்டர் கூடப் பழசு. ஆனா அந்தக் காலத்து வாட்ச்சோட நிஜமான குணம் அதோட முகம் இல்லீங்க. யார் வேணா திறக்கலாம், யார் வேணா சரி பண்ணலாம்ங்கறதுதான் அதோட குணம். 1961-ல பெங்களூர்ல ஜப்பான் சிட்டிசன் கூட்டுல ஆரம்பிச்ச எச்எம்டியை எடுத்துக்கங்க. ஜனதா சாவி கொடுக்கறது, காஞ்சன் ஆட்டோமேட்டிக். ரெண்டையும் திறந்து பாக்காத ரிப்பேர் கடை நம்ம பக்கத்துல உண்டா? 2016-ல மத்திய அமைச்சரவை எச்எம்டி வாட்ச் கம்பெனியை மூட ஒப்புதல் குடுத்துடுச்சு. கம்பெனி போனாலும் ஜனதா இன்னும் ஓடுது. ஏன்? உதிரி பாகம் கடைத்தெருவுல கிடந்துச்சு, வித்தை தெருவுல உக்காந்திருந்துச்சு. கம்பெனி செத்தும் வாட்ச் சாகல. இன்னைக்கு ரெட்ரோ விக்கறவங்கள்ல பலர் பாகத்தை வெளிக் கடைக்குக் குடுக்கறதில்ல. அந்த வாட்ச்சோட ஆயுசு அவங்க சர்வீஸ் கவுன்ட்டரோட ஆயுசுதான். பழைய முகமூடி போட்ட புதுச் சரக்கு.

மிக்ஸி வரைக்கும் வரும்னு சொன்னேன் இல்ல? "போர்டு மாத்தணும்", "பேனல் மாத்தணும்", "புதுசே வாங்கிடலாம் சார்" எல்லாம் இதே பாட்டுதான். 2022-ல மத்திய அரசு பழுது நீக்கும் உரிமைக்குன்னு ஒரு இணைய வாசல் திறந்துச்சு. விவசாயக் கருவி, செல்போன்-எலக்ட்ரானிக்ஸ், வீட்டு உபயோகப் பொருள், வண்டின்னு நாலு துறை. நல்ல ஆரம்பம்தான். கைக்கடிகாரத்துக்குத் தனியா அதுல இடம் இல்ல. இருக்கற துறைகளுக்கும் நாம போய்க் கேட்டாத்தான் அர்த்தம். கேக்காதவங்களுக்கு எந்தக் கம்பெனியும் தானா பாகம் அனுப்பாது.

அதனால என் சிபாரிசு இதுதான். பழைய ஸ்டைல் ஆட்டோமேட்டிக் வாங்கப் போறவங்க கடைல மூணே கேள்வி கேளுங்க. உள்ள என்ன மிஷின்? பாகம் வெளிக் கடைல கிடைக்குமா? உங்ககிட்ட குடுத்தா திறந்து பாப்பீங்களா, திறக்காமலே மாத்துவீங்களா? மூணுக்கும் மழுப்பினா, அந்தக் காசுக்கு ஒரு குவார்ட்ஸ் வாங்கிட்டு மிச்சத்துல ஊர் சுத்துங்க, புண்ணியமாப் போகும். ஒழுங்கா பதில் வந்தா வாங்குங்க. வாங்கி, கட்டிக்கிட்டு ஊருக்குப் போங்க. போற ஊர்ல ஒரு ரிப்பேர் கடையைத் தேடிப்பிடிச்சு உக்காருங்க. ஒரு பெல்ட்டாவது மாத்துங்க, ஒரு ஆயில் சர்வீஸாவது குடுங்க. 1849-ல ஆரம்பிச்ச பி.ஓர் அண்ட் சன்ஸ் கட்டடத்து மணிக்கூண்டை மவுண்ட் ரோட்ல நின்னு போட்டோ எடுக்கறோம், பாரம்பரியம்னு பெருமூச்சு விடறோம். நாலு தெரு தள்ளி மேஜை அகலக் கடைல உக்காந்திருக்கற மனுஷனும் அதே பாரம்பரியம்தான். கட்டடம் போட்டோவுக்கு நிக்கும். அவருக்கு வேலை வரலேன்னா நாளைக்குக் கடையைச் சாத்திட்டுப் போயிடுவார். அப்புறம் உங்க வாட்ச்சை வைண்டர் பொட்டில மட்டும்தான் சுத்த விடணும், திறக்க ஆள் இருக்காது.

டிஸ்கி: எந்தக் கம்பெனியும் எனக்கு ஓசில வாட்ச் குடுக்கல. இதைப் படிச்சப்புறம் குடுக்கவும் போறதில்ல. வைண்டர் வெச்சிருக்கறவங்க பின்னூட்டத்துல வந்து தாராளமா திட்டலாம். ஆனா திட்டறதுக்கு முன்னாடி, இப்ப உங்க கைல என்ன கட்டியிருக்கீங்கன்னு சொல்லிட்டுத் திட்டுங்க :-)